யானை துள்ளாது: சின்னப்பிள்ளைகளின் மிருக விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எல்லாரும் முயல்!" என்று ரீச்சர் சொன்னதும் பிள்ளைகள் துள்ளுவார்கள். "இப்ப யானை!" என்றதும் ஒரு கையைத் தும்பிக்கையாக நீட்டிக்கொண்டு அதே துள்ளலைத் துள்ளுவார்கள். யானை துள்ளாது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் நான்கு காலையும் ஒன்றாக நிலத்தை விட்டு எடுக்காது. பெயரும் சத்தமும் மாறின, உடம்பு மாறவில்லை. முன்பள்ளிகளில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இதுதான்: பார்க்க விடாமலே ஆடவிடுவது.

அதனால் சுவர்ப் படத்திலுள்ள கங்காருவிலும் பென்குயினிலும் தொடங்க வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கும் எழுவான்கரைப் பிள்ளைக்குக் கடற்கரை நண்டு தெரியும், வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பிள்ளைக்கு எருமை தெரியும். அம்பாறை வயல்வட்டைகளில் கொக்குக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளை கண்ணால் கண்டதிலிருந்து தொடங்கினால், நாம் தவறாகச் செய்துகாட்டும்போது அதுவே நம்மைத் திருத்தும்.

நண்டு நடையை எடுத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சியில் பழகிய முறை ஒன்று உண்டு: வயிறு மேலே பார்க்க, கைகளைப் பின்னால் ஊன்றி, முன்னும் பின்னும் நகர்வது. பயிற்சிக்கு நல்லதுதான், ஆனால் கல்லடிக் கடற்கரையில் ஓடும் நண்டு அப்படிப் போவதில்லை. அதன் கால் மூட்டுகள் பக்கவாட்டில் மடங்குவதால் அது பக்கவாட்டாக ஓடுகிறது. முழங்காலை மடக்கிக் குந்தி, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஓடச் சொல்லுங்கள். மறுகா, நான்கு பிள்ளைகளை முதுகோடு முதுகு ஒட்டி நிற்கவைத்தால் எட்டுக் கால். கடிக்கும் கால் இரண்டையும் சேர்த்தால் நண்டுக்குப் பத்து. எந்தப் பக்கம் போவது என்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். அந்தச் சண்டையைக் கேட்பதற்கே நன்றாக இருக்கும்.

மாடு என்றாலே "ம்மா" என்று கத்துவதோடு நிறுத்திவிடுகிறோம். படுத்த மாடு எப்படி எழும்புகிறது என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே யோசிப்பார்கள். மாடும் எருமையும் முன்முழங்காலில் ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். நாய் முன்காலை ஊன்றி முன்பக்கத்தை எழுப்பும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யவிட்டால் எது எளிது என்று பிள்ளையின் உடம்பே சொல்லிவிடும். முதலிலேயே விளக்கம் சொல்லிவிடுவது இன்னொரு தவறு. ஆடி முடிந்து மூச்சு வாங்கும்போது, "முதலில் எந்தக் கால்?" என்ற ஒரு கேள்வி போதும்.

பாம்பு விளையாட்டில் பிள்ளைகள் முழங்கையை ஊன்றி ஊர்கிறார்கள், நாமும் கைதட்டுகிறோம். அது உடும்பு நடைக்குக் கிட்ட வரும். பாம்புக்கு ஊன்றக் கையில்லை. இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்து நகரச் சொன்னால் கொஞ்சத் தூரமும் போக முடியாது. போக முடியாததுதான் இங்கே பாடம். "கெதியாப் போ" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

போட்டி வைப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்துண்டு. பிந்தியவரை "அவுட்" ஆக்கினால், அசைவுப் பழக்கம் அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் முதலில் திண்ணையில் குந்தும். ஆமைக்கும் நத்தைக்கும் ஓட்டப்போட்டி வைப்பதில் பொருளுமில்லை. பிந்தி வரும் ஆமைதான் சரியான ஆமை என்று ஒருநாள் விதியை மாற்றிப் பாருங்கள், வேகமான பிள்ளைகள் திணறுவார்கள்.

தவளைப் பாய்ச்சலைச் சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம், முழங்கால் தாங்காது. மணல் முற்றம் நல்லது. ஆனால் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறினால் மணல் சுடும், கையை ஊன்றும் விளையாட்டுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். துள்ளல் ஒன்று, ஊர்தல் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, இடையில் தண்ணீர் கொடுங்கள்.

யானைக்கு வருவோம். படுவான்கரையிலும் அம்பாறையின் எல்லைக் கிராமங்களிலும் யானை என்பது கதைப்புத்தகப் பிராணி மட்டுமல்ல; இரவில் வேலியையும் வாழையையும் முறித்துவிட்டுப் போவது. அங்குள்ள பிள்ளை அந்த விளையாட்டில் ஒதுங்கி நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். யானை ஆளைத் துரத்தும் விளையாட்டும் வேண்டாம், கிட்டப்போய்ப் பழம் கொடுக்கும் நடிப்பும் வேண்டாம். அமைதியாக, கூட்டமாக, குட்டியை நடுவில் விட்டு நடப்பது போதும்.

"நேரில் காட்டுகிறேன்" என்று நண்டின் காலில் நூல் கட்டிக் கொண்டுவருவதும் கூடாது. கட்டிய நண்டு நடப்பதைக் காட்டாது, தவிப்பதைத்தான் காட்டும். தள்ளி நின்று பார்த்தாலே போதும், கொஞ்சம் பொறுமைதான் வேண்டும்.

கடைசியாக, உடுப்பு. பாம்பு ஊரும் நாளில் வெள்ளைச் சீருடையோடு வந்தால் வீட்டில் பிள்ளைக்குத்தான் ஏச்சு விழும். பழைய உடுப்பு போட்டு அனுப்பும்படி முதல்நாளே அம்மாமாரிடம் சொல்லிவிடுங்கள்.