வில்லங்கச் சான்று மட்டும் போதாது

வீடு வாங்கும் பலர், வில்லங்கச் சான்றில் கடன் எதுவும் இல்லை என்றதும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அந்தச் சொத்தின் மீது பதிவுத்துறையில் பதிவான விற்பனை, அடமானம் போன்றவை மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில், வாரிசுகளுக்குள் இருக்கும் பங்குத் தகராறு, அசல் பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்து வாங்கிய கடன், இவை அதில் தெரியாமல் போகலாம்.

அதனால் அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸைக் காட்டி, "ஒரிஜினல் ஊரில் இருக்கிறது" என்றால், ஊருக்கே போய்ப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஒரு நாள் அலைச்சல்தான், வாழ்நாள் சேமிப்பு அல்லவா! தமிழகப் பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பத்திரப் பதிவுக்கு முன் மறுபடி ஒருமுறை பாருங்கள். இடையில் ஏதாவது பதிவாகியிருக்கலாம். பட்டா யார் பெயரில் என்பதையும் கவனியுங்கள்.

விற்பவர்களுக்கு ஒன்று: வங்கிக் கடனை அடைத்திருப்பீர்கள், பத்திரமும் கைக்கு வந்திருக்கும். ஆனால் அடமானம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் வில்லங்கத்தில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். வீட்டை விலை பேசும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் விற்பவருக்குத் தரும் தொகையிலிருந்து 1% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும்.