நாவலை எடிட்டர்கிட்ட கொடுத்த அப்புறம்தான் சரியாச்சு

3 வருஷமா எழுதின நாவல், நானே 6 தடவை படிச்சுத் திருத்திட்டேன், இனிமே பிழையே இருக்காதுன்னு நம்பி 2 பதிப்பகத்துக்கு அனுப்பினேன், ரெண்டு பேருமே வேணாம்னுட்டாங்க. ரொம்ப வலிச்சுது. அப்புறம்தான் காசு கொடுத்து ஒரு எடிட்டரைப் பிடிச்சேன்.

எடுத்ததும் மொத்தத்தையும் கொடுக்கல, முதல் 10 பக்கம் மட்டும் சாம்பிளா திருத்தித் தரச் சொன்னேன். நீங்களும் அப்படியே செய்யுங்க, அவங்க நம்ம நடையை மதிக்கிறாங்களா இல்ல அவங்க நடையைத் திணிக்கிறாங்களான்னு அதுலயே தெரிஞ்சிடும்.

"முதலாளி அவனுக்கு வேலைக் கொடுத்தார்"னு எழுதியிருந்தேன். ஓரத்துல அவங்க கமெண்ட்: "வேலையா, வேலா? 'க்' போட்டா கையில ஆயுதம் கொடுத்ததா ஆயிடும்." அந்த ஒத்தை எழுத்தை 6 தடவையும் தாண்டிப் போயிருக்கேன், ஏன்னா நாம எழுதினதை நாமளே படிக்கும்போது தாள்ல இருக்கிறதைப் படிக்கிறதில்ல, மனசுல இருக்கிறதைத்தான் படிக்கிறோம்.

ஆனா பெரிய விஷயம் அது இல்ல. கதை 3வது அத்தியாயத்துலதான் தொடங்குது, முன்னாடி இருக்கிற 40 பக்கம் நீங்க உங்களுக்காக எழுதிக்கிட்டதுன்னாங்க. ரெண்டு நாள் கோபம் அடங்கல. அப்புறம் வெட்டிப் பார்த்தேன், அம்மா இறந்த சேதி வர்ற காட்சி முதல் பக்கத்துக்கு வந்துச்சு, படிச்சப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

இன்னொண்ணு, கதை அமைப்பைப் பார்க்கிறது வேற, வாக்கியத்தைச் செதுக்குறது வேற, ப்ரூஃப் பார்க்கிறது, அதாவது எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை திருத்துறது, எல்லாம் முடிஞ்சு கடைசியா. எது வேணும்னு முதல்லயே பேசிக்கோங்க, வெட்டப்போற பக்கத்துல உக்காந்து ஒற்றுப்பிழை திருத்துறது வீண் செலவு.