தட்டைப் பாதமும் கொங்கிறீட் தரையும்: ரொறொன்ரோவில் இன்சோல் வாங்க முன்

ஸ்காபரோ, மிசிசாகா, பிராம்ப்டன் பக்கம் வந்திறங்கும் பலருக்கு முதல் வேலை வேர்ஹவுஸில்தான். எட்டு மணி நேரம் கொங்கிறீட் தரை, காலில் இரும்பு முனைச் சப்பாத்து. நிற்கும்போது உள்வளைவு தரையில் படியும் தட்டைப் பாதம், ஊரில் நோகாதது, நோகத் தொடங்குவது இங்கேதான். நோவில்லாவிட்டால் பாதம் எவ்வளவு தட்டையாக இருந்தாலும் ஒன்றும் செய்ய வேண்டாம்.

நொந்தால், முதலில் குதிக்காலைத் தூக்கி முன்பாதத்தில் நின்று பாருங்கள். உள்வளைவு எழும்பித் தெரிந்தால், பாதத்தைத் தாங்கச் சப்பாத்துக்குள் வைக்கும் இன்சோல் உதவக்கூடும். அப்போதும் தட்டையாகவே இருந்தாலோ, ஒரு கால் மட்டும் புதிதாகத் தட்டையாகி உட்கணுக்கால் வீங்கினாலோ டொக்டரிடம் போங்கள். சலரோகத்தால் பாதம் விறைத்தவர்களும் தாங்களாக வாங்கக் கூடாது. இன்சோல் உரசிப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது.

மெத்தென்ற ஜெல் இன்சோல் கடையில் சுகமாக இருக்கும், வேலையில் தாங்காது. வளைவுப் பகுதியைக் கைப் பெருவிரலால் அழுத்துங்கள். முழுதாகப் படிந்தால் உங்கள் எடைக்கு அது போதாது. உறுதியான அடித்தட்டும் ஆழமான குதிக்கால் குழியும் உள்ளதை எடுங்கள். விலை சுமார் 40 முதல் 80 டொலர். வளைவு உயரமாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். தட்டைப் பாதத்துக்கு அது கல்லை மிதித்ததுபோல் குத்தும்; தாழ்ந்த அல்லது நடுத்தர வளைவே பொருந்தும். இன்சோல் பாதத்தின் வடிவத்தை மாற்றாது, நிற்கும்போது தாங்கிப்பிடிக்கும், அவ்வளவுதான்.

போடும்போது பலர் பிழைவிடுவது ஒன்றில்தான்: சப்பாத்தோடு வந்த உள்தாளைக் கழற்றாமல் அதன்மேலேயே வைப்பார்கள். குதிக்கால் உயர்ந்து கழன்று வரும், விரல்கள் இரும்பு முனையில் இடிபடும். பழைய தாளை எடுத்து, புதியதன்மேல் வைத்து, இரண்டின் குதிக்கால் பக்கத்தையும் பொருத்திக் கோடு கீறி, விரல் பக்கத்தை மட்டும் சிறிது சிறிதாக வெட்டுங்கள். குதிக்கால் பக்கத்தைத் தொடவே கூடாது. அங்கே வெட்டினால் வளைவு இடம் மாறிப் பாதத்தில் கொப்புளம் வரலாம்.

முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி கூட்டுங்கள். முதல் நாளே முழு ஷிஃப்ட் போட்டால் கெண்டைக்காலும் முழங்காலும் நோகும். குற்றம் இன்சோலில் இல்லை, அவசரத்தில்.

புதுப் பாதுகாப்புச் சப்பாத்து வாங்குவதானால் பின்னேரம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், இன்சோலை உள்ளே போட்டே அளவு பாருங்கள். விரல் முனையும் அடியும் பாதுகாப்பானவை என்று காட்டும் பச்சை முக்கோண அடையாளம் கேட்கும் வேலைத்தலங்கள் பல. உடலில் சேரும் நிலைமின்னைத் தரைக்குக் கடத்தும் மஞ்சள் எஸ்டி (SD) அடையாளச் சப்பாத்துக்குள் வேறு இன்சோல் வைக்க முன் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். அந்தக் கடத்தல் தடைப்படலாம். பனிக்காலத்தில் இரவில் இன்சோலை வெளியே எடுத்துக் காயவிடுங்கள், ஹீற்றர்மேல் வேண்டாம், நெளிந்துவிடும். வீட்டுக்குள் வெறுங்காலோடு குசினியில் மணிக்கணக்கில் நின்றால் பகலில் கிடைத்த ஆறுதல் போய்விடும். உள்ளே போட மட்டும் வளைவுள்ள செருப்பொன்று வைத்திருங்கள்.

ஆறு கிழமை கடந்தும் நோவு குறையாவிட்டால் கைரோபொடிஸ்ட் எனப்படும் பாத நிபுணரிடம் போங்கள். முதுகெலும்பு பார்க்கும் கைரோபிராக்டர் வேறு ஆள். அளவெடுத்துச் செய்யும் இன்சோல் பல நூறு டொலர் வரும், ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் கொடுக்காது. வேலைத்தலக் காப்புறுதி கொடுக்கலாம். டொக்டரின் சீட்டு வேண்டுமா, ஆண்டுக்கு எவ்வளவு என்பதைச் செய்விக்க முன்பே கேளுங்கள். “இன்சோலுக்கு பில் போடுகிறோம், சப்பாத்து இலவசம்” என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். அது காப்புறுதி மோசடி. கையெழுத்து வைத்தவர் நீங்கள், உங்கள் வேலையே போகலாம்.