மூன்று மாதம் கிடந்த மோட்டார் கிளம்பவில்லையா?

ஐப்பசியில் கழற்றி வைத்த அவுட்போர்டு மோட்டாரை, அதாவது படகின் பின்னால் மாட்டும் எஞ்சினை, தையில் மாட்டினால், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போகும். முதலில் சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப் அவசர நிறுத்த ஸ்விட்சில் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் தீப்பொறியே வராது. அப்புறம் பழைய பெட்ரோலை மொத்தமாக வடித்துவிடுங்கள்.

போன தையில் நான் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் தேன் மாதிரி பழுப்புப் பிசின். பெட்ரோல் வரும் ஜெட் துளை அடைத்தே போயிருந்தது. அதில் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். ஸ்பார்க் பிளக்கையும் துடைத்து மாட்டுங்கள்.

சரி, பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பம்பைக் கெட்டியாகும்வரை அமுக்கி, சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆனால் தண்ணீர் டிரம்மில் இறக்கித்தான். தண்ணீர் இல்லாமல் ஓட்டவே கூடாது. பின்பக்கத் துளையில் தண்ணீர் பீய்ச்சவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் சிறு சக்கரமான இம்பெல்லர் போயிருக்கலாம்.