பெரிய ஆர்.சி. விமானம்: எங்கே பிடித்துத் தூக்குவது, எப்படி வண்டியில் ஏற்றுவது

சின்ன ஃபோம் விமானத்தை ஒரு கையில் தூக்கிக்கொண்டு பைக்கில் உட்கார்ந்து போய்விடலாம், அதற்கு யாரும் யோசனை சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குறிப்பு 50 சிசி, 100 சிசி பெட்ரோல் எஞ்சின் வைத்து, ரிமோட்டில் (ஆர்.சி.) ஓட்டுகிற பெரிய விமானங்களுக்கு. வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற 100 சிசி ஏரோபாட்டிக் விமானம் என்றால் இறக்கை முனைக்கு முனை 104 அங்குலம் பக்கம் வரும், எடை 12 கிலோ சொச்சம். அரிசிச் சிப்பத்தில் பாதிதானே, தூக்க முடியாதா என்று தோன்றும். தூக்கலாம், ஆனால் சிப்பத்தை எங்கே பிடித்தாலும் ஒன்றும் ஆகாது, இதைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தால் கை உள்ளே போய்விடும்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வானத்தில் இருக்கும்போது விமானத்தின் எடை முழுக்க விங் ட்யூபில், அதாவது இரண்டு இறக்கையையும் பாடியோடு சேர்க்கிற குழாயில் தொங்குகிறது, தரையில் நிற்கும்போது லேண்டிங் கியர், அதாவது சக்கரம் மாட்டிய கால் தாங்குகிறது. அதனால் இந்த இரண்டு இடத்தில்தான் உள்ளே பிளைவுட் கனமாகப் போட்டிருப்பார்கள். மற்றதெல்லாம் பால்சா என்கிற மெல்லிய லேசான மரம், அதற்குமேல் ஒட்டிய பிளாஸ்டிக் ஃபிலிம், அவ்வளவுதான். கை வைப்பதோ, பெல்ட் போட்டுக் கட்டுவதோ, முட்டுக் கொடுப்பதோ எல்லாம் இந்த இரண்டு இடத்தைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். கேனோப்பி (பைலட் அறை மாதிரி இருக்கிற மேல் மூடி), எஞ்சின் மூடி, இறக்கை முனை, வால் இறக்கை இவற்றைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

தூக்குவதற்கு முன்னால் மின்சாரத்தைத் துண்டியுங்கள். பெட்ரோல் எஞ்சின் என்றால் இக்னிஷன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அந்த பேட்டரியின் கனெக்டரையே பிடுங்கிவிடுங்கள். எஞ்சினில் தீப்பொறி தருகிற சிடிஐ இக்னிஷனுக்கு மின்சாரம் இருந்தால், தூக்கும்போது ப்ரொப்பல்லர் லேசாகத் திரும்பினாலே எஞ்சின் ஒரு முறை உதைக்க வாய்ப்புண்டு, அந்த ஒரு உதைக்கே விரல் போய்விடும். எலக்ட்ரிக் என்றால் மோட்டார் பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் அடுத்த பேச்சு. கழற்றிய பிறகும் ப்ரொப்பல்லர் சுற்றுகிற வட்டத்துக்குள் முகமோ கையோ வராமல் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இறக்கை மாட்டிய நிலையில் நகர்த்த வேண்டுமானால் இரண்டு பேர் வேண்டும். முன்னால் இருப்பவர் இறக்கையின் அடியில், பாடியை ஒட்டி, விங் ட்யூப் ஓடுகிற இடத்தில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்க வேண்டும். பின்னால் இருப்பவர் வால் இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால் பாடிக்கு அடியில் உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் போதும், அங்கே எடை ரொம்ப இருக்காது. முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்திருங்கள், இடுப்பை வளைத்து எட்டிப் பிடித்தால் 12 கிலோவே முதுகைப் பிடித்துக்கொள்ளும். நடக்கும்போது மூக்கு காற்றை எதிர்த்து இருக்கட்டும். நம் வேலூர் பக்கத்து வற்றிய ஏரிகளில் மத்தியானத்துக்கு மேல் திடீரென்று சுழற்காற்று கிளம்பும், பக்கவாட்டில் அடித்தால் ஒரு இறக்கை தானாக மேலே எழும்பும், பிடித்திருப்பவர் தடுமாறுவார்.

மைதானத்தில் விமானத்தை இறக்கினால் அஞ்சு நிமிஷத்தில் ஊர்ப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். "அண்ணா, நான் பிடிக்கிறேண்ணா" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டு நேராக இறக்கை முனைக்குத்தான் கையைக் கொண்டுபோவார்கள். விரட்ட வேண்டாம், டூல் பாக்ஸைக் கொடுத்துத் தூக்கிவரச் சொல்லுங்கள், அவர்களுக்கும் சந்தோஷம்.

இப்போது கழற்றுவது, மாட்டுவது. இறக்கையைப் பாதி ட்யூபில் செருகிவிட்டு அப்படியே தொங்கவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போகிறவர்கள் நிறைய பேர். அந்த நேரத்தில் இறக்கையின் எடை முழுக்க ஓரத்தில் நெம்புகோல் மாதிரி அமுக்கி, ட்யூப் நுழைகிற ஸ்லீவ் உள்ளே விரிசல் விட்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒருவர் இறக்கையை மட்டமாகப் பிடித்திருக்க, இன்னொருவர் சர்வோ (இறக்கையின் அசையும் பகுதியைத் திருப்புகிற சின்ன மோட்டார்) ஒயரை மாட்டி, முழுக்கத் தள்ளி, போல்ட் போட வேண்டும். கழற்றிய விங் ட்யூபைப் பாடிக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள், பிரேக் போட்டால் அது சுவரைக் குத்திக்கொண்டு வரும். ஒரு பிவிசி பைப்பை அளவாக வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு அதற்குள் வைத்துவிடுங்கள்.

இறக்கைக்குப் பை வாங்கினாலும் சரி, பழைய மெத்தை விரிப்பில் தைத்துக்கொண்டாலும் சரி, இரண்டு இறக்கைக்கும் தனித்தனி அறை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் சர்வோ ஆர்ம் இன்னொன்றின் ஃபிலிமில் ஓட்டை போடும். படுக்க வைக்க இடம் இல்லையென்றால் முன் விளிம்பு கீழே இருக்கும்படி ஃபோம் மேல் நிறுத்தலாம். பின் விளிம்பில், அதாவது எய்லரான் என்கிற அசையும் பலகை இருக்கிற பக்கத்தில், எடை விழவே கூடாது. ஏறி இறங்கும் குலுக்கலில் எய்லரானும், வாலில் இருக்கிற ரட்டர் என்கிற திருப்புப் பலகையும் ஆடி ஆடியே சர்வோவின் பல் தேயும், அதனால் இரண்டு ஐஸ் குச்சிக்கு ஃபோம் ஒட்டி, துணி கிளிப்பால் கவ்வ விட்டு அசையாமல் வையுங்கள். அந்த கிளிப்பில் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டுங்கள், எடுக்க மறந்து பறக்கவிட்டால் விமானம் திரும்பி வராது.

பாடிக்கு ஒரு தாங்கி செய்துகொள்வது ரொம்ப முக்கியம். பிவிசி பைப்பில் சட்டம் கட்டி, ஏசி மெக்கானிக்குகள் காப்பர் குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம் குழாயை அதன்மேல் மாட்டினால் போதும், விலையும் கம்மி. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் தெரிந்தவர் இருந்தால் மிச்சம் விழுகிற ஈவிஏ ஷீட் (செருப்பு, ஷூ அடிப்பாகத்துக்குப் போடுகிற ஃபோம்) துண்டு கேட்டுப் பாருங்கள், அதைவிட நல்ல பஞ்சு கடையில் கிடைக்காது.

வண்டி என்று வந்தால் பின்சீட்டை மடக்க முடிகிற கார்தான் என் முதல் தேர்வு. வால் முன்னால் போகட்டும், கனமான எஞ்சின் பின்கதவுப் பக்கம் இருக்கட்டும், ப்ரொப்பல்லரைப் படுக்கைவாட்டில் நிறுத்துங்கள். பெல்ட்டை லேண்டிங் கியர் காலில் போட்டு வண்டியின் கொக்கியில் இழுத்துக் கட்டுங்கள், பாடிக்கு மேலே போட்டு இறுக்கினால் உள்ளே மரம் நொறுங்கும். பிரேக் அடிக்கும்போது மொத்தமும் முன்னால் நழுவிவராமல் இருப்பதற்குத்தான் இந்தக் கட்டு, இல்லாவிட்டால் ரட்டர் ஓட்டுநரின் முழங்கையில் வந்து நிற்கும்.

குட்டி யானை (டாடா ஏஸ்) எடுக்கிறவர்கள் முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். டாடா ஏஸின் பின்பகுதி சுமார் 7 அடி, 100 சிசி விமானத்தின் பாடி அதற்கு மேல் போகும், கோணலாக வைத்தால்தான் அடங்கும். சுமை இல்லாத வண்டி தூக்கித் தூக்கிப் போடும் என்பதால் கீழே மெத்தை கட்டாயம். தார்ப்பாயை விமானத்தின் மேல் நேராகப் போட்டால் அது காற்றில் படபடத்து ஃபிலிமைத் தேய்த்துவிடும். பைக்கில் பின்னால் உட்கார்ந்தவர் இறக்கையைப் பிடித்துக்கொண்டு வருவது, வேண்டவே வேண்டாம். காட்பாடி போகிற பாலாற்றுப் பாலத்தில் பக்கத்தில் ஒரு பஸ் கடந்தால் இறக்கை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

டேங்கை முழுக்க வடித்துவிட்டு, வென்ட் குழாயை அடைத்துவிட்டு ஏற்றுங்கள். பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள், இறுக்கமாக மூடுகிற மெட்டல் கேன் வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், வண்டித் தரையில்தான் தங்கும், ஆகவே ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். ரயிலில் பெட்ரோல் எடுத்துப் போவது குற்றம்.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளைத் தனி உலோகப் பெட்டியிலோ தீ தாங்கும் பையிலோ வைத்து, பெட்ரோலிலிருந்து தள்ளி வையுங்கள். வேலூர் வெயில் உங்களுக்கே தெரியும், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது மூடிய காருக்குள் அதைவிட அதிகமாகக் கொதிக்கும். கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்பதற்கே பேட்டரி சூடாகும். ஆகவே ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள், டீக்கு நிறுத்தினாலும் நிழலில் நிறுத்துங்கள். கறுப்பு, கருநீல ஃபிலிம் வெயிலில் முதலில் குமிழ் விடும்.

ஏற்றுவதற்கு முன்பே, எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் போகும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம் இருக்கிறது, அப்துல்லாபுரத்தில் வேலூர் விமான நிலையம் இருக்கிறது, அங்கே போய் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுவது வீண் வேலை.

போய்ச் சேர்ந்ததும் உடனே பறக்கவிடாதீர்கள். இறக்கை போல்ட், எஞ்சின் மவுண்ட், லேண்டிங் கியர் திருகு, சர்வோ ஆர்ம் எல்லாவற்றையும் கையால் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள், ரிசீவர் கனெக்டர்கள் குலுக்கலில் கழன்றிருக்கலாம். ரேஞ்ச் செக், அதாவது ரிமோட் சிக்னல் தூரத்திலும் எட்டுகிறதா என்கிற சோதனை செய்யாமல் எஞ்சினைத் தொட வேண்டாம். திரும்பி வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், மீதமிருக்கிற லைப்போவை செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.