கவுன்சலிங் பலன் தருகிறதா? வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

பள்ளிக் கவுன்சலராகச் சேர்ந்த புதிதில், குழு அமர்வு முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு தாள் கொடுப்பேன். "இன்று பேசியது பிடித்திருந்ததா?" என்று ஒரே கேள்வி. எல்லோரும் "பிடித்திருந்தது" என்றே எழுதுவார்கள். அந்தத் தாள்களைக் கோப்பில் அடுக்கி வைத்துவிட்டு, வேலை நன்றாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆண்டு முடியும்போது ஒரு வகுப்பாசிரியை, "அந்தப் பையன் இப்பவும் வாரத்துக்கு ரெண்டு நாள் வர்றதில்லையே மேடம்" என்றார். கோப்பைப் புரட்டினேன். அவன் தாளிலும் "பிடித்திருந்தது" என்றுதான் இருந்தது.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1939-ல் கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வு என்று ஒன்று தொடங்கியது. ஒரே மாதிரிச் சூழலில் இருந்த சிறுவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் ஆலோசகரின் வீட்டு வருகை, படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்த 506 பேரையும் தேடிப் பார்த்து 1978-ல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்று, அதைப் பற்றிப் பின்னர் பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அது தங்களுக்கு நன்மை செய்ததாகச் சொன்னார்கள். ஆனால் குடிப்பழக்கம், மனநோய், திரும்பத் திரும்பக் குற்றம் செய்வது போன்றவற்றில், உதவி பெறாதவர்களைவிட அவர்களின் நிலை மோசமாக இருந்தது. நல்ல மனதோடு செய்தாலும் விளைவை அளந்து பார்த்தாக வேண்டும் என்பதை எனக்கு உறைக்க வைத்தது இந்த ஆய்வுதான்.

அப்படி அளந்து பார்க்கப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வழி இதோ.

படி 1: ஒரே ஒரு கேள்வி

"மாணவர் நலனை மேம்படுத்துவது" என்று எழுதினால் அதை அளக்கவே முடியாது. "அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளைகள் கூடுதல் நாட்கள் வருகிறார்களா?" என்று கேளுங்கள். முதல் முயற்சிக்கு வருகைதான் நல்லது. தினமும் பதிவாகிறது, யாரையும் புதிதாக எதுவும் கேட்க வேண்டியதில்லை. காரணம் எதுவானாலும், பள்ளி நாட்களில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் வராமலிருந்தால் அதை நாள்பட்ட வருகையின்மை என்று பரவலாகக் கணக்கிடுகிறார்கள். பள்ளி 60 நாட்கள் நடந்திருந்தால் 6 நாள். இந்த எல்லையை வைத்துப் பார்த்தால், சத்தமே இல்லாமல் விடுபட்டுப்போகும் பிள்ளைகளும் கண்ணில் படுவார்கள். வகுப்பில் சண்டை போடுபவனை எல்லோரும் நம்மிடம் அனுப்பிவிடுவார்கள். வராதவளை அனுப்ப ஆளில்லை.

படி 2: அட்டவணை

எக்செல் போதும். நோட்டில் கோடு போட்டாலும் சரி. பெயருக்குப் பதில் குறியீட்டு எண் எழுதுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாக, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அடுத்த கட்டங்களில் வராத நாட்கள், எந்தக் கிழமை, தெரிந்த காரணம். கிழமையை விட்டுவிடாதீர்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து ஒரே கிழமையில் வரவில்லை என்றால், அன்றைய பாடவேளையைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும்.

கேள்வித்தாள் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய கேள்வி அதில் இருந்தால், அன்றே எல்லாத் தாள்களையும் படித்து, அன்றே அந்தப் பிள்ளையைச் சந்திக்க ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாளைக் கொடுக்கவே கூடாது. உதவி கேட்டு எழுதிய பிள்ளையின் தாள் மேசையில் ஒரு வாரம் கிடந்தது என்ற நிலை வரவே கூடாது.

படி 3: ஏற்கெனவே என்ன தெரியும் என்று பாருங்கள்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரிலும், கல்வி ஆய்வுகளுக்கான எரிக் (ERIC) தரவுத்தளத்திலும் ஆய்வுச் சுருக்கங்களை இலவசமாகப் படிக்கலாம். தனி ஆய்வை விட, பல ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரையை முதலில் தேடுங்கள். படிக்கும்போது நான்கு விஷயம் போதும்: எந்த வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள். ஒப்பிட ஆளே இல்லாத ஆய்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 4: மூன்று விதமாக எண்ணுங்கள்

அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் தரவை மூன்றாகப் பிரிக்கிறது. யார் எத்தனை அமர்வுக்கு வந்தார்கள் என்பது ஒன்று. பிள்ளைகள் என்ன கற்றார்கள், எண்ணம் எப்படி மாறியது என்பது இரண்டாவது. வருகை, மதிப்பெண், ஒழுங்கு ஆகியவற்றில் என்ன மாறியது என்பது மூன்றாவது. நம்மில் பலர் முதலாவதை மட்டும் எண்ணி, "இத்தனை அமர்வுகள் நடத்தினோம்" என்று அறிக்கை கொடுத்துவிடுகிறோம். அது நம் உழைப்பின் கணக்கு. பிள்ளையின் கணக்கு மூன்றாவதில்தான் இருக்கிறது.

படி 5: முன்னும் பின்னும்

எடுத்துக்காட்டாக 8 பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்வோம். குழு தொடங்கும் முன் 20 பள்ளி நாட்களில் அவர்கள் வராத நாட்கள் 6, 5, 7, 4, 6, 5, 8, 7. முடிந்த பின் 20 நாட்களில், அதே வரிசையில், 2, 3, 6, 1, 2, 4, 8, 6. சராசரி 6-லிருந்து 4 ஆகக் குறைந்திருக்கிறது. இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வரிசையாக ஒவ்வொரு பிள்ளையாகப் பாருங்கள். 7 நாள் வராமலிருந்த இருவருக்கு அது 6 ஆகத்தான் குறைந்திருக்கிறது. 8 நாள் வராத பிள்ளையிடம் எந்த மாற்றமும் இல்லை. அதிகம் விடுபட்ட மூன்று பேருக்குத்தான் நம் குழு உதவவில்லை! சராசரி அதை மறைத்துவிட்டது. காரணக் கட்டத்தைப் பார்த்தால், மூவரும் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நிற்பவர்கள் என்று வருகிறது என்று வையுங்கள். தன்னம்பிக்கைப் பயிற்சி அதற்கு மருந்தாகாது.

இன்னொரு எச்சரிக்கை. மிக மோசமான மாதத்தில் இருக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தால், நாம் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த மாதம் வராத நாட்கள் பெரும்பாலும் கொஞ்சம் குறையும். அதனால் இடம் கிடைக்காமல் காத்திருக்கும் பிள்ளைகளின் வருகையையும் அதே நாட்களுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் வராத நாட்கள் அதே அளவு குறைந்திருந்தால், பெருமை நம்முடையதல்ல. அடுத்த சுற்றில் அவர்களுக்கு இடம் கொடுக்க மறக்காதீர்கள்.

படி 6: ஒரு பக்கம் எழுதுங்கள்

தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கம் போதும். 8 பேருக்குச் சதவீதம் போட வேண்டாம், "8 பேரில் 4 பேருக்குக் குறிப்பிடும்படி குறைந்தது" என்றே எழுதுங்கள். 5 நாளிலிருந்து 4 நாளாகக் குறைந்த பிள்ளையையும் அவர்களோடு சேர்ப்பதா வேண்டாமா என்ற தயக்கம் வரும். எத்தனை நாள் குறைந்தால் மாற்றம் என்று தொடங்கும் முன்பே முடிவு செய்து வைத்தால் அந்தத் தயக்கம் இருக்காது. சிறு குழு என்பதால் எண் போட்டிருந்தாலும் பிள்ளையை அடையாளம் கண்டுவிடுவார்கள். தனித்தனி வரிசையை வெளியே காட்டாதீர்கள்.

பெரிதாக மாறாத, அதிகம் விடுபட்ட அந்த மூவரைப் பற்றியும் அதே பக்கத்தில், பெயர் இல்லாமல், எழுதுங்கள். அவர்களுக்கு இன்னொரு குழு அமர்வு வேண்டாம், பெற்றோரோடு உட்கார்ந்து பேச நேரம் வேண்டும் என்று கேளுங்கள். எண்களோடு போய்க் கேட்டபோதுதான் அந்த நேரம் எனக்குக் கிடைத்தது.