ஷவர் திறந்தால் நூலாய் வடியும் தண்ணீர்: காரணம் தாங்கிக்குள்

அவிசாவளைப் பக்கத்து முகாம் காணியைத் திருத்தும்போது குளியலறைத் தண்ணீர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. திறந்தவுடன் நன்றாகப் பாயும்; சிறிது நேரத்தில் நூலாகிவிடும். மூடிவைத்துப் பிறகு திறந்தால் மறுபடி நல்ல வேகம்!

காற்று அடைப்பென்று பைப்பைக் கீழிருந்து ஊதியும் பயனில்லை. குழாயின் வாஷர், மிதவை வால்வு மாற்றியும் அதே கதை. மூடினால் சரியாகிறது என்பதுதான் துப்பு. துருவும் பாசியும் தாமாக விலகாது, நீந்தும் உயிர்தான் விலகும். தாங்கியிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயின் வடிவலையைக் கழற்றினால் தலைப்பிரட்டைகள். ஓட்டம் இழுக்கும்போது வலையில் ஒட்டும், நின்றதும் நீந்திப் போகும்.

மூடிக்குக் கீழே, தாங்கிச் சுவரில் சவர்க்கார நுரைபோல ஒரு கட்டி: மரத்தவளை முட்டையிடும் நுரைக்கூடு. தண்ணீருக்கு மேலே ஒட்டியிருப்பதால் குளோரின் அதைத் தொடாது. தண்ணீரிலுள்ள தலைப்பிரட்டைகள் அதனால் செத்தாலும், வலையை இன்னும் அடைக்கும்.

தவளை வந்த வழி, நிரம்பி வழியும் பைப். அதன் 1 அங்குல வாயில் நேரே வலை கட்டினால் தூசி அடைத்துவிடும். 2 அங்குலத்துக்கு விரியும் சொக்கட் பூட்டி, வாய் கீழ்நோக்க, துருப்பிடிக்காத நுளம்பு வலையைக் கிளிப்பால் இறுக்கினேன். கொழும்பு பழைய சோனகத் தெருவில் எல்லாம் கிடைக்கும். கூட்டைச் சுரண்டி வெளிக்குட்டையில் விட்டு, தாங்கியைக் கழுவியபின் ஓட்டம் குறையவேயில்லை. நுளம்பும் முட்டையிடாது.